வெயிலும் பனியும் மிதிவண்டியும்

ஓர் ஊரில் குடியேறிய மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், கோயில் எழுந்த ஆண்டையும், பள்ளி திறந்த நாளையும், சங்கம் தோன்றிய கதையையும் முதலில் எழுதுவர். அவை எழுதத் தக்கனவே. ஆயினும் அக்கோயிலுக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் பொருள் ஈந்தவர்கள், அப்பொருளை ஈட்டுவதற்கு நாள்தோறும் எவ்வாறு வேலைக்குச் சென்று மீண்டார்கள் என்று கேட்பவர் அரியர். விஷ்ராந்த்வாடியிலும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் வாழும் தமிழர்களாகிய நாம் அக்கேள்வியை நம் பெரியோரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். தமிழறிஞர் மிதிவண்டி என்றும், பழையோர் துவிசக்கர வண்டி என்றும், நாம் எல்லோரும் சைக்கிள் என்றும் வழங்கும் அந்த எளிய ஊர்தியே அவ்விடை.

இன்று அவ்வூர்தி பல வீடுகளில் மாடிப்படியின் கீழே காற்றிறங்கிக் கிடக்கிறது. காரணம் கேட்டால், சித்திரையில் "இந்த வெயிலில் யார் மிதிப்பது?" என்பர். மார்கழியில் "இந்தக் குளிரில் எப்படிப் போவது?" என்பர். வெயிலும் குளிருமே மிதிவண்டியை நம்மிடமிருந்து பிரித்துவிட்டன என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1817ஆம் ஆண்டு

மிதிவண்டியின் பிறப்புக்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டு என்று கூறும் ஆராய்ச்சியாளர் உளர். 1815ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானை மறைத்தமையால், அடுத்த ஆண்டாகிய 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர்கள் அழிந்தன. குதிரைகளுக்கு இடும் தீனியின் விலை ஏறியது. குதிரையின்றிச் செல்லும் ஊர்தி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் செருமானியராகிய கார்ல் வான் டிரைஸ் என்பாருக்கு அதனால்தான் எழுந்தது என்பது அவர்கள் கருத்து. காரணம் எதுவாயினும், 1817 ஜூன் 12ஆம் நாள் டிரைஸ் தம் இருசக்கர மரவண்டியில் ஏறி, மன்ஹைம் நகரிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு சென்று மீண்டார். அதற்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. காலால் தரையை உந்தியே அவர் சென்றார்.

அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், நம் விஷ்ராந்த்வாடிக்கு மேற்கே, ஆற்றுக்கு அப்பால் உள்ள கட்கியில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நிகழ்ந்தது. பேஷ்வாவின் ஆட்சி அத்துடன் சாயத் தொடங்கியது. கிர்க்கி என்று ஆங்கிலேயர் எழுதிய அவ்விடம் இராணுவக் குடியிருப்பாக மாறியது. ஒரே ஆண்டில் ஒரு கண்டத்தில் மிதிவண்டியின் முன்னோடியும், மற்றொரு கண்டத்தில் அம்மிதிவண்டி பின்னாளில் ஓயாது சென்றடையப் போகும் பணியிடமும் தோன்றின. இரண்டும் சந்திப்பதற்கு ஒரு நூற்றாண்டு காலம் தேவைப்பட்டது.

அந்நூற்றாண்டில் வண்டி வளர்ந்தது. 1860களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதி பொருத்தினர். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஓரளவினவாய், பின்சக்கரம் சங்கிலியால் சுழல்வதாய் ஒரு வண்டியைச் செய்தார். இன்று நாம் காணும் மிதிவண்டியின் உருவம் அதுவே. 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைத் தந்தார். இவ்வாறு நிறைவு பெற்ற வண்டி, நூற்றாண்டின் இறுதியில் கப்பலேறி நம் நாட்டுத் துறைமுகங்களை அடைந்தது.

ஓய்வின் பெயர் கொண்ட ஊர்

விச்ராந்தி என்னும் சொல் நம் தமிழ் வீடுகளிலும் வழங்குவதே. ஓய்வு என்பது அதன் பொருள். அப்பொருளைத் தன் பெயரிலே தாங்கிய நம் ஊர் ஆளந்திச் சாலையில் அமைந்திருக்கிறது. 1296இல் ஆளந்தியில் சமாதி எய்திய ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு, ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்குச் செல்லும்போது, திகியைக் கடந்து இவ்வூர் வழியாகவே புனே நகருக்குள் புகுகிறது. நடந்து வந்தவர் இளைப்பாறிச் செல்லும் வழி இது. அவ்வழியிலேதான், வேலை முடிந்து வந்து இளைப்பாறுவதற்கு இடம் தேடிய நம் மக்களும் பிற்காலத்தில் குடியமர்ந்தனர்.

அவர்கள் தேடிவந்த வேலைகள் எங்கே இருந்தன என்பதை நோக்குவோம். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் நிறுவப்பட்டது. பம்பாய்ச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படைப்பிரிவின் தலைமையிடமும், இராணுவப் பணிமனைகளும் அங்கே உள்ளன. வடகிழக்கே லோகேகாவில் விமானப்படைத் தளம் 1939இல் அமைந்தது. வடக்கே திகியில் இராணுவப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தெற்கே புனே முகாமில் தென்மண்டலப் படைத் தலைமையகமும் இராணுவக் கணக்கு அலுவலகங்களும் இருந்தன. கணக்கும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் பயின்ற இளைஞர்களும், கடைசலும் பற்றவைப்பும் அறிந்த தொழிலாளர்களும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இவ்விடங்களுக்கு வந்து சேர்ந்தனர். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர் இங்கேயே தங்கிவிட்டவர்களும் பலர்.

இவ்விடங்களை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். விஷ்ராந்த்வாடி ஏறத்தாழ அவற்றின் நடுவே இருக்கிறது. நடந்து போவதற்கு அவை தொலைவு, சைக்கிளுக்கோ அண்மை. நகர்ப் பேருந்துப் பணி மாநகராட்சியின் கைக்கு 1950இல்தான் வந்தது. அதன் பின்னரும் நகரின் ஓரத்தில் இருந்த குடியிருப்புகளுக்குப் பேருந்துகள் போதியனவாக இல்லை. தொழிற்சாலையின் முறைநேரமோ விடியற்காலையிலும் தொடங்கும், நள்ளிரவிலும் முடியும். ஆகவே சைக்கிள் இருந்தவன் வாடகை குறைந்த இடத்தில் வீடு பார்க்கலாம். இல்லாதவன் வேலையிடத்தின் வாயிலிலேயே நெருக்கடியில் வாழ வேண்டும். நம் குடியிருப்புகள் இங்கே தோன்றியதற்கு நில விலையும் வாடகையும் ஒரு காரணம் என்றால், மிதிவண்டி மற்றொரு காரணம் என்று கூறுவது மிகையாகாது.

அரசும் இதனை உணர்ந்திருந்தது. மத்திய அரசு ஊழியர்க்குச் சைக்கிள் வாங்க முன்பணம் தரும் விதி நெடுங்காலம் இருந்தது. மாதந்தோறும் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக் கொள்வார்கள். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையின்படி 2016இல் அம்முன்பணம் நீக்கப்பட்டது. அதற்குள் அதனைக் கேட்பவரும் அருகிவிட்டனர்.

ஒரு செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவது. நாடு விடுதலை பெறும் வரை நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்யப்பெற்ற வண்டிகள். 1949இல் முருகப்பா குடும்பத்தார், பர்மிங்ஹாம் நகரத்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து, சென்னையை அடுத்த அம்பத்தூருக்கு உரிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். ஹெர்க்குலிஸ் என்னும் பெயர் தாங்கிய வண்டிகள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. தமிழகத்தை விட்டு வந்த தமிழன், தமிழகத்திலே செய்த வண்டியில் ஏறிக் கட்கிக்கு வேலைக்குப் போனான்.

வானிலையின் தலைநகரில்

புனே நகரின் வானிலையைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928இல் சிம்லாவிலிருந்து இந்நகருக்கே வந்தது. சிவாஜி நகரில் உள்ள அக்கட்டடத்தைச் 'சிம்லா ஆபீஸ்' என்றே மக்கள் இன்றும் அழைக்கின்றனர். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் அத்துறையில் பணியாற்றிப் புகழ் பெற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி 1948இல் புனேயில் அத்துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கு வழி வகுத்தார்.

அத்துறையின் ஏடுகள் சொல்வதென்ன? புனே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் பொதுவாக 37, 38 பாகை செல்சியசைத் தொடும். மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் 10, 11 பாகைக்கு இறங்கும். இது சராசரி. 1897 ஏப்ரல் 30ஆம் நாள் வெப்பம் 43.3 பாகைக்கு ஏறியதும், 1935 ஜனவரி 17ஆம் நாள் குளிர் 1.7 பாகைக்கு இறங்கியதும் பதிவாகியுள்ளன. பழங்காலத்து வெயில் இதமானது, பழங்காலத்துக் குளிர் இலேசானது என்று கூறுவார்க்கு இவ்விரண்டு எண்களே விடையாகும்.

தமிழ் இலக்கணத்தார் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கடற்கரை ஊர்களில் பிறந்த நம்மவர்க்கு முன்பனியும் பின்பனியும் பெரும்பாலும் நூலறிவே. அவற்றை உடம்பால் உணர்ந்தது இந்தத் தக்காண மேட்டு நிலத்தில்தான். பின்பனிக் காலத்தில் இங்கே ஒரு விந்தை நிகழும். காலையில் கம்பளிச் சட்டை வேண்டும். பிற்பகலில் பருத்திச் சட்டையும் சுமையாகும். பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் ஒரே நாளின் தாழ்ந்த வெப்பத்துக்கும் உயர்ந்த வெப்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 பாகை வேறுபாடு இருப்பதுண்டு. காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் மிதிவண்டிக்காரர் ஒரே நாளில் இரு பருவங்களைக் கடந்தார்.

கோடையில் மிதித்தவர்கள்

கோடையில் மிதிவண்டி செலுத்துவது எவ்வாறு இயன்றது? இதற்கு உடலியலும் நிலவியலும் விடை தருகின்றன.

உடல் சூடேறும்போது வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. சென்னை போன்ற கடற்கரை நகரில் காற்றிலே ஈரம் மிகுதியாதலின் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடலில் வழிந்தோடுகிறது. புனேயின் கோடைக் காற்று உலர்ந்தது. அதனால் இங்கே வியர்வை விரைவில் ஆவியாகிறது. வண்டி ஓடும்போது எழும் காற்று அவ்வேலையை மேலும் விரைவுபடுத்துகிறது. ஒரே தொலைவை நடந்து கடப்பதற்கு ஆகும் முயற்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே சைக்கிளில் கடப்பதற்கு ஆகும். ஆகவே நடப்பவனினும் மிதிப்பவன் உடல் குறைவாகவே சூடேறும். வண்டி நிற்கும்போதுதான் வெப்பம் குப்பென்று தாக்கும். அதனை அறிந்தே முதியோர், வேலையிடம் அடைவதற்குச் சற்று முன்னரே வேகத்தைக் குறைத்து, மர நிழலில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வார்கள்.

நிலத்தின் அமைப்பும் துணை செய்தது. விஷ்ராந்த்வாடிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கட்கி இருக்கிறது. ஆதலின் காலையில் அங்கே செல்பவருக்குச் சூரியன் முதுகுப்புறம் இருக்கும். மாலையில் கிழக்கு நோக்கித் திரும்பும்போதும் சூரியன் முதுகுப்புறமே இருக்கும். கண்ணில் வெயில் படாமல் வேலைக்குச் சென்று மீளும் பேறு எல்லா ஊராருக்கும் வாய்ப்பதன்று. மேலும் கோடை மாலைகளில் சஹ்யாத்திரி மலையைக் கடந்து மேற்கிலிருந்து காற்று வீசும். உழைத்துக் களைத்து வீடு திரும்புபவரை அது பின்னிருந்து தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும்.

இவற்றோடு மனிதனின் அறிவும் சேர்ந்தது. தலைக்கு வெள்ளைத் துண்டு, பையில் தண்ணீர், வீட்டுக்கு வந்தவுடன் நீர்மோர் அல்லது பானகம். அண்டை வீட்டு மராத்தியர் மாங்காயை வேகவைத்துச் செய்யும் பன்ஹ என்னும் பானத்தை நமக்குக் கற்றுத் தந்தனர். வெயிலில் செல்வோர் சட்டைப்பையில் ஒரு வெங்காயத்தை வைத்துக்கொள்வது இம்மண்ணின் வழக்கம். வெங்காயம் வெயிலைத் தடுத்ததோ இல்லையோ, அதனை வைத்து அனுப்பிய தாயின் நினைவு தடுத்தது. வண்டிக்கும் கோடை முறை உண்டு. காற்றைச் சற்றுக் குறைவாக அடைப்பர். வண்டியை வெயிலில் நிறுத்தார். சூடேறிய காற்று விரிந்து ட்யூபை வெடிக்கச் செய்யும் என்பதும், பங்க்சர் ஒட்டிய இடம் சூட்டில் இளகும் என்பதும் நூல் படித்து அறிந்தவை அல்ல.

பனியில் மிதித்தவர்கள்

குளிரில் வேறு தொல்லை. கோடையில் உதவிய காற்றே பனிக்காலத்தில் பகையாகும். 10 பாகைக் குளிரில் அசையாமல் நிற்பதைவிட, வண்டியில் விரைந்து செல்லும்போது குளிர் மிகுதியாகத் தோன்றும். உடம்பு உழைப்பால் சூடாகிவிடும். ஆனால் விரல்களும் காதுகளும் மூக்கும் உழைப்பதில்லை. எனவே அவையே முதலில் விறைக்கும். தமிழகத்தை விட்டு வரும்போது நம்மவர் கண்டறியாத குரங்குக் குல்லாவும், கைக்குக் கம்பளி உறையும் அவ்வாறே நம் வீட்டுப் பெட்டிகளில் இடம் பெற்றன. சட்டைக்குள் மார்பின் மீது பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வது மற்றோர் உத்தி. தாள்களுக்கிடையே அடங்கிய காற்று வெப்பத்தை வெளிவிடாது. செலவில்லாத கம்பளி அது.

குளிரில் டயரின் காற்று சுருங்கும். ஆதலால் கோடையில் குறைவாக அடைத்தவர் பனியில் நிறைவாக அடைப்பர். சங்கிலியின் எண்ணெய் கெட்டிப்படும். விடியற்காலை முறைக்குச் செல்வோர்க்கு இருள் விலகியிராது. ஆற்றோரத்தில் மூடுபனியும் இருக்கும். ஆகவே விளக்கு இன்றியமையாதது. மழைக்காலமோ இவ்விரண்டினும் கடினம். நனைந்த சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. காலையில் மேல்காற்று எதிர்த்து நிற்கும். எனினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் மழையே பெறும் இந்நகரில் மழையால் வேலைக்குச் செல்லாதிருக்க எவரும் நினைத்ததில்லை.

இவ்வாறு கோடையும் கூதிரும் பனியும் அறிந்த ஒரு பயிற்சி தலைமுறைகளாக வளர்ந்தது. புனே 'சைக்கிள்களின் நகரம்' என்று பெயர் பெற்றது. நகராட்சி சைக்கிளுக்கு வரி விதித்து உலோக வில்லை தந்தது. விளக்கில்லாமல் செல்வதும், ஒரு வண்டியில் இருவர் ஏறிச் செல்வதும் குற்றங்கள். 'டபிள் சீட்' என்று மராத்தியிலும் தமிழிலும் ஒருங்கே வழங்கிய அக்குற்றத்துக்காகக் காவலரிடம் சிக்காத இளைஞர் குறைவு. அக்காலச் சைக்கிள்களைக் காண விழைவோர், நகரின் கர்வே நகர்ப் பகுதியில் விக்ரம் பெண்ட்சே என்பார் அமைத்துள்ள மிதிவண்டிக் காட்சியகத்துக்குச் சென்று காணலாம்.

நம் பெண்மக்கள் பெற்ற பயன் பெரிது. மராத்தியப் பெண்கள் புடைவையணிந்தும் சைக்கிளில் கல்லூரிக்குச் சென்ற காட்சி, நம் வீட்டுப் பெரியோரின் தயக்கத்தைக் கரைத்தது. தமிழகத்தின் சிற்றூர்களில் பெண் சைக்கிள் மிதிப்பதைக் கண்டு நகைத்த நாளில், இங்கே நம் பெண்கள் தாமே பள்ளிக்கும் வேலைக்கும் சென்று வந்தனர்.

பிரித்தது எது?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இத்தனை வெயிலிலும் பனியிலும் ஓடிய வண்டி ஏன் நின்றது?

விடை நம் அருகிலேயே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஆகுர்டியில் பஜாஜ் நிறுவனம் ஸ்கூட்டர்களைச் செய்யத் தொடங்கியது. பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து அவற்றை மக்கள் வாங்கினர். 1972இல் அந்நிறுவனம் சேத்தக் என்னும் ஸ்கூட்டரைக் கொணர்ந்தது. அதே ஆண்டில் புனேயின் கைனடிக் நிறுவனம் லூனா என்னும் சிறு வண்டியைத் தந்தது. மிதியும் உண்டு, இயந்திரமும் உண்டு என்னும் அது, மிதிவண்டிக்காரர்களை மெல்ல இயந்திரத்துக்கு அழைத்துச் சென்ற பாலமாயிற்று. வருவாய் உயர்ந்தது, நகரம் விரிந்தது, வேலையிடங்கள் 5 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு விலகின. உழைத்துக் களைத்தவன் சற்று இளைப்பாற விரும்பியதில் தவறில்லை. அவனை நாம் குறை கூறோம்.

ஆனால் இயந்திர வண்டிகள் பெருகப் பெருக, எஞ்சி நின்ற சைக்கிளுக்குச் சாலையில் இடம் குறைந்தது. சாலைகளை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றோடு நிழல் போயிற்று. 2018இல் புனே நகரில் பதிவான வண்டிகளின் தொகை 36 இலட்சத்தைத் தாண்டி, நகர மக்கள் தொகையையே விஞ்சியது என்று செய்தி வந்தது. வெயிலுக்கு அஞ்சாதவன் லாரிக்கு அஞ்சினான். குளிரைத் தாங்கியவன் புகையைத் தாங்க மாட்டானாயினான். அச்சம் என்று கூற வெட்கி, நாம் அதற்கு வெயில் என்று பெயரிட்டோம். இதுவே உண்மை.

இதனைப் பிற நாடுகளின் வரலாறும் மெய்ப்பிக்கிறது. பின்லாந்து நாட்டில் ஔலு என்னும் நகரம் பனி உறையும் வடபுலத்தில் இருக்கிறது. அங்கே பனிமூடிய பாதைகளைச் செப்பனிட்டுத் தருவதால், குளிர்காலத்திலும் மாணவர் சைக்கிளிலேயே பள்ளிக்குச் செல்கின்றனர். ஸ்பெயின் நாட்டுச் செவில்லா நகரில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. அங்கே 2006 முதல் சில ஆண்டுகளுக்குள் தனிப் பாதைகள் தொடர்ச்சியாக அமைக்கப்பட்டன. அதன் பின்னர் மிதிவண்டியில் செல்வோர் பன்மடங்கு பெருகினர். வெயில் மாறவில்லை, பாதை மாறியது. நெதர்லாந்து நாடும் நம்மைப் போலவே மோட்டார் வண்டிகளால் மிதிவண்டியை இழந்துகொண்டிருந்த நாடே. 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். பெற்றோர் கொதித்தெழுந்தனர். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதையே தம் இயக்கத்தின் பெயராகக் கொண்டு தெருவில் இறங்கினர். இன்று அந்நாட்டில் காணும் மிதிவண்டிப் பாதைகளுக்கு அத்தாய் தந்தையரின் போராட்டமும் ஒரு வித்து.

நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சித் தலைவர். கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் பல்லாயிரக் கணக்கில் மிதிக்கக் கற்றனர். புதுக்கோட்டை வெயில் புனே வெயிலுக்கு இளைத்ததன்று. அப்பெண்களை வெயில் தடுக்கவில்லை.

நாம் செய்யத் தக்கது

முதியோர் வேலைக்குச் சென்ற நாள் கடந்துவிட்டது. இன்று கேள்வி நம் குழந்தைகளைப் பற்றியது. நம் குடியிருப்புகளிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி உள்ள சிறுவர் எத்தனை பேர் தாமே சைக்கிளில் செல்கின்றனர்? தாத்தா 43 பாகை வெயிலுக்கும் அஞ்சாமல் சென்ற தொலைவில் பாதியைப் பேரன் தனியே கடக்க இயலவில்லை என்றால், இழந்தது ஒரு வண்டியை மட்டும் அன்று. தன் காலால் தன் ஊரைச் சுற்றிவரும் உரிமையை அவன் இழந்திருக்கிறான்.

மாநகராட்சி இதனை முற்றும் மறந்துவிடவில்லை. 2015 ஆகஸ்டில் சங்கம்வாடி முதல் விஷ்ராந்த்வாடி வரை விரைவுப் பேருந்துக்குத் தனிவழி திறக்கப்பட்டது. 2017இல் நகர் முழுவதற்குமான மிதிவண்டித் திட்டம் ஒன்றுக்கு மாநகராட்சி ஒப்புதல் அளித்தது. அதனை ஒட்டி, கைப்பேசியைக் காட்டி எடுத்துச் செல்லும் வாடகை வண்டிகளும் சில காலம் தெருவெங்கும் நின்றன. ஆனால் தாளில் வரைந்த பாதை தரையில் இறங்கினாலன்றிக் குழந்தை அதில் செல்ல முடியாது. பாதை என்று வரைந்த இடத்தில் வண்டிகள் நிற்குமானால் அது பாதையாகாது.

ஆகவே நம் சங்கத்தார்க்கும் குடும்பத்தார்க்கும் மூன்று கருத்துக்களை முன்வைக்கிறோம். முதலாவது, நம் குடியிருப்புகளில் பள்ளிக்கு அருகே வாழும் சிறுவர் எத்தனையர், அவர்கள் செல்லும் வழியில் ஆபத்தான சந்திப்புகள் எவை என்று கணக்கெடுத்து எழுதுவோம். எண்ணிக்கையோடு சென்றால் அலுவலகத்தில் செவி சாய்ப்பர். முறையீட்டோடு மட்டும் சென்றால் தேநீர் தந்து அனுப்புவர். இரண்டாவது, அக்கணக்கை மராத்தியிலும் எழுதி, அண்டை வாழும் மராத்திய, மலையாள, தெலுங்குக் குடும்பங்களையும் உடன் அழைத்து, வார்டு அலுவலகத்தில் தனிப் பாதையும் நிழல் தரும் மரங்களும் கேட்போம். சாலை எல்லோருக்கும் பொது. மூன்றாவது, மாடிப்படியின் கீழ்க் கிடக்கும் சைக்கிள்களை வெளியே எடுத்துச் செப்பனிடுவோம். கோடையில் எவ்வளவு காற்று, பனியில் எவ்வளவு காற்று என்பதை அறிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவர்கள் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர்க்கு அதனைச் சொல்லித் தரச் செய்வோம்.

வெயிலும் பனியும் இவ்வூருக்கு நமக்கு முன்னே வந்தவை. நமக்குப் பின்னும் வரும். அவற்றோடு வாழும் வழியை நம் முன்னோர் ஆண்டுக்கணக்கில் மிதித்து மிதித்துக் கண்டறிந்தனர். அவ்வழியில் நம் பிள்ளைகள் அச்சமின்றிச் செல்லுமாறு சாலையைச் செம்மை செய்து தருவது நம் கடன். அடுத்த ஆண்டு விழா மலர் வெளிவரும் போது, எத்தனை சிறுவர் தாமே சைக்கிளில் பள்ளிக்குச் செல்கின்றனர் என்னும் எண்ணை நம் சங்கம் அதில் அச்சிடுமாக.